வால் முளைத்த கையெழுத்து

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் என் அக்காள் புருஷனுக்கு மக்கள்மேல் அக்கறை வந்துவிட்டது. சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு மூட்டுவலி வரும். இவருக்கு இது வந்தது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாத அளவுக்கு முற்றியதும் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“இந்த மனுஷன் வீட்ல இருந்தா என்னைத்தான்டா முன்னேத்துறாரு. காலையில எந்திரிச்சதும் ஆரம்பிச்சிடறாரு. எங்கயாவது கூட்டிட்டுப் போயி வேற யாரையாவது முன்னேத்த வை. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

அப்படிப் பிறந்ததுதான் தற்சார்பு மன்றம். தலைவர் அவர். செயலாளர் நான். துணைத் தலைவர் அக்கா. இது அவளுக்கு இன்றுவரை தெரியாது. மன்றத்துக்கு ஒரு பதாகை அடித்தோம். மேலே சிவப்பில், ‘யாரிடமும் உதவி கேட்காதீர்கள்!’ கீழே நீலத்தில், ‘உதவிக்கு எங்களை அணுகவும்.’ இரண்டுக்கும் நடுவில் தலைவர் கன்னத்தில் கைவைத்து எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா நீர் வழங்கல் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவர். தலைமை எழுத்தர். அவருடைய வேலை கையெழுத்துப் போடுவது. மற்றவர்கள் எழுதுவார்கள், கூட்டுவார்கள், சரிபார்ப்பார்கள். கடைசியில் காகிதம் இவர் மேசைக்கு வரும், இவர் போடுவார். அந்தக் கையெழுத்தைச் சும்மா சொல்லக் கூடாது. முதல் எழுத்து யானை மாதிரி நிற்கும். பிறகு ஒரு நீண்ட கோடு. கோட்டின் முனையிலிருந்து ஒரு வால் கிளம்பி, கீழே இறங்கி, பின்பக்கமாக ஓடி, இரண்டு சுழி சுழித்து, முதல் எழுத்தின் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். அதன்மேல் இரண்டு புள்ளி. இந்த வாலைச் செம்மைப்படுத்த எட்டு வருடம் ஆனதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த எட்டு வருடமும் ஊரில் தண்ணீர் ஒழுங்காக வந்ததா என்று நான் கேட்டதில்லை.

தற்சார்பு அவருடைய உயிர் மூச்சு. அதைப் பற்றி அவர் பேசும் உரையை நான் எழுதிக் கொடுப்பேன். அதைப் பேசப் போட்டுக்கொள்ளும் சட்டையை அக்கா தேய்த்துக் கொடுப்பாள். உரை முடிந்து வீட்டுக்கு வந்து குளிக்கப் போனவர், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் துண்டு எடுத்து வராதது நினைவுக்கு வந்து, கதவைத் தட்டித் தட்டிக் கத்துவார். திருமணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் அவர் துண்டோடு உள்ளே போனதில்லை.

மக்களை எங்கே பிடிப்பது என்ற கேள்வி வந்தபோது, ஓய்வூதிய அலுவலகம்தான் சரி என்று முடிவாயிற்று. வருடத்தில் ஒரு மாதம், ஓய்வூதியம் வாங்குகிற எல்லோரும் அங்கே நேரில் வந்து தாங்கள் இன்னும் சாகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். அதற்கென்று எண் போட்ட ஒரு ஃபாரம், ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கே தபாலில் வரும். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். தெரியாதவர்கள் கவுன்டரில் இருக்கும் ஸ்டாம்ப் பேடில் கட்டைவிரலை வைத்து, ஃபாரத்தில் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, இரண்டு நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எல்லாம் சுமுகமாக நடந்துகொண்டிருந்தது. அதுதான் மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

“கைநாட்டு!” என்றார், முதல் நாள் வரிசையைப் பார்த்து. “இந்தக் காலத்துல கைநாட்டு! செயலாளரே, நாம இதை ஒழிக்கிறோம்.”

மன்ற நேரத்தில் நான் மாப்பிள்ளை இல்லை, செயலாளர். அவரும் மாமா இல்லை, தலைவர். அவரே போட்ட விதி.

அலுவலக வாசலில், மாடிப்படிக்குக் கீழே, மேசை போட்டோம். போட்டோம் என்றால் நான் தூக்கி வந்து போட்டேன். அடுத்து அதிகாரிக்கு ஒரு மனு: ஸ்டாம்ப் பேட் இருக்கிற வரைக்கும் மக்கள் திருந்த மாட்டார்கள், ஆகவே அதற்கு மை ஊற்றுவதை நிறுத்த வேண்டும். மை வாங்குகிற தொல்லை விட்டதென்று அதிகாரி அன்றைக்கே உத்தரவு போட்டார். நான்கே நாளில் கவுன்டரில் இருந்த பேடுகள் எல்லாம் காய்ந்து மரக்கட்டையாகிவிட்டன. அதன்பின் எங்கள் மேசைக்குக் கூட்டம் வந்ததில் வியப்பில்லை. மக்கள் விழிப்புணர்வு அடைந்துவிட்டார்கள் என்று தலைவர் சொன்னார்.

கையெழுத்துக் கற்றுக்கொடுக்கும் முறை எளிமையானது. முழுப் பெயரும் எழுதக் கற்றுக்கொடுத்தால் மாதம் போதாது. ஆகவே முதல் எழுத்து மட்டும். “மிச்சத்தை வால் பாத்துக்கும்,” என்பார் தலைவர். வாலில்தான் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். சுழி சரியாக வரும்வரை விடுவதில்லை. பாவம், தோட்டக்காரர், ஆயா, லாரி ஓட்டுநர், எல்லோரும் நாக்கைத் துருத்திக்கொண்டு வாலை வரைந்தார்கள். வரைந்தவர்களுக்கு ஒரு சான்றிதழ். அதன்மேல் மன்றத்தின் முத்திரை, ஊதா நிறத்தில். முத்திரைக்கென்று நல்ல கொழுகொழுவென்று மை ஊறிய ஒரு பேட், எங்கள் மேசைமேல் எப்போதும் திறந்தே இருந்தது.

கடைசி நாள் காலை வரைக்கும் தொண்ணூற்றொன்பது பேர். நூறாவது ஆளோடு தலைவரும் தன் சொந்த ஃபாரத்தில் அன்றைக்கே கையெழுத்திட்டு, இருவரும் சேர்ந்து கவுன்டரில் கொடுப்பதாக ஏற்பாடு. நான் அதைப் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். செய்தியையும் நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். நூறாவது ஆளின் கண்ணீரைக்கூட எழுதியாயிற்று. ஆள்தான் பாக்கி.

பத்தரை மணிக்கு ஒரு அம்மாள் வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், வேகமான நடை, முழங்கைவரை வெளுத்துப்போன கைகள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. பதாகையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

“தம்பி, கொஞ்சம் மை குடுப்பா. உள்ள பேடு காஞ்சு கட்டையாக் கெடக்கு.”

“மையா?” என்றார் தலைவர்.

“ஆமா சார். விரல்ல தடவிட்டுப் போயிடறேன். ஒரு மணிக்கு மூடிடுவாங்க, இன்னிக்குத்தான் கடைசி. இன்னிக்கு வெக்கலைன்னா ஆஸ்பத்திரி கார்டு நின்னுடும். புதன்கிழமை எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு ஆபரேஷன். ஒரு கண்ணு ஏற்கெனவே போயிடுச்சு. இந்த டேட்டை விட்டா அடுத்தது எட்டு மாசம் கழிச்சுன்னுட்டாங்க. அதுக்குள்ள இதுவும் போயிடும்.”

சொல்லிக்கொண்டே கட்டைவிரலை எங்கள் பேடை நோக்கி நீட்டினார். தலைவர் பேடைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அது முத்திரைக்கு.”

“தெரியுது சார். மைதானே?”

“அம்மா, நீங்க மை கேட்டீங்க பாருங்க, அதுதான் பிரச்சனையே. இன்னிக்கு மை கேப்பீங்க. நாளைக்கு வேற எதையாவது கேப்பீங்க. இந்தக் கேக்குற பழக்கத்தை விடணும்.”

“சரி, கேக்கல. நானே எடுத்துக்கறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றினேன். தலைவர் பேடின் மூடியை மூடினார்.

“இப்படியே எத்தனை நாளைக்கு அடுத்தவங்களை நம்பியே இருப்பீங்க?”

“யாரு, நானா?” அந்த அம்மாள் இடுப்பில் கையை வைத்தார். “முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி துணி துவைச்சிருக்கேன் சார். ஒரு நாளைக்கு நானூறு பெட்ஷீட்.”

“பாத்தீங்களா? நானூறு ஷீட்டையும் தனியாவே துவைச்சிருக்கீங்க. அந்த உழைப்பு…”

“தனியாவா? நல்லாச் சொன்னீங்க போங்க. நனைஞ்ச பெட்ஷீட்டைத் தனியா எவ பிழிவா? எதிர்ல ஒருத்தி பிடிச்சாத்தான் முறுக்க முடியும். பேரு தெரியாதவளா இருந்தாலும் ஒரு முனையைப் பிடிப்பா.”

“மெஷின் இல்லையா?”

“இருந்துச்சு. மூணு மாசம் ஓடும், ஒம்பது மாசம் ரிப்பேரு. தலைவரா இருந்துச்சோ என்னவோ.”

தலைவருக்கு இது ஏறவில்லை. அவருக்குத் தன்னைத் தவிர வேறு யாரையும் தலைவர் என்று நினைத்துப் பழக்கமில்லை; ஒரு மெஷினும் தலைவராக இருக்கலாம் என்பது புரியவில்லை போலும். அவர் ஃபாரத்தைக் கேட்டு வாங்கினார். சரியாக நிரப்பியிருக்கிறதா பார்க்கிறேன் என்றுதான் வாங்கினார். பார்த்துவிட்டுத் தன் முழங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“ஃபாரத்தைக் குடுங்க சார்.”

“கையெழுத்துக் கத்துக்கிட்டதும் தரேன். பத்தே நிமிஷம்.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் செயலாளர், பேனாவை எடுத்து நீட்டினேன். என் வாழ்நாளில் நான் செய்த கோழைத்தனங்களை வரிசைப்படுத்தினால் இது முதல் மூன்றில் வரும். மற்ற இரண்டும் அதே நாளில் செய்தவை.

பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரமானது. எழுத்து வந்துவிட்டது, துவைக்கிற கைக்கு எழுத்து ஒரு பொருட்டே இல்லை. வால்தான் வரவில்லை. அந்த அம்மாள் கோட்டை இழுத்து அதோடு நிறுத்திவிடுவார். “இது போதாதா சார்?” “வால்?” “வால் எதுக்கு சார், நான் எங்க தாவப் போறேன்?” தலைவர் அவர் கையைப் பிடித்துச் சுழி சுழிக்க வைத்தார். பின்னால் சுவரில் கடிகாரம் இருந்தது. அந்த அம்மாள் ஒவ்வொரு சுழிக்கும் ஒரு தடவை திரும்பி அதைப் பார்த்தார். நாற்பத்து மூன்றாவது தடவை வால் அச்சாகத் தலைவருடைய வாலைப் போலவே வந்து விழுந்தது. ஃபாரத்தில் போட்டார். தலைவரும் தன் ஃபாரத்தில் போட்டார். நான் கைதட்டினேன். வாசலில் நின்றிருந்த காவலாளி, எதற்கென்று தெரியாமல், தானும் தட்டினார்.

“சிரிங்கம்மா,” என்றேன் போனைப் பிடித்துக்கொண்டு.

“வழியை விடு தம்பி,” என்றார் நூறாவது ஆள்.

உள்ளே மூன்றாம் கவுன்டரில் வரிசை இருந்தது. அந்த அம்மாள் முன்னால், அவர் பின்னால் தலைவர், அதன் பின்னால் பையும் பதாகையும் பேடும் சுமந்துகொண்டு நான். எனக்குப் பின்னால் காக்கி நிறச் சட்டையில் ஒரு பெரியவர், சட்டைப் பையில் ஒரே ஒரு பேனாவோடு. கவுன்டரில் ஒரு இளம்பெண், கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற நாள்களில் ஃபாரங்களை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். சரிபார்ப்பது மாடியில் ஆவண அறையில், மெதுவாக நடக்கும். கடைசி நாள் மட்டும் பதிவேட்டைக் கவுன்டருக்கே இறக்கிவந்து அங்கேயே பார்த்து முடிப்பார்கள். இது எங்களுக்குத் தெரியாது. மாதம் முழுக்க அந்த வாசலில் உட்கார்ந்திருந்தும், உள்ளே என்ன நடக்கிறதென்று கேட்க எங்களுக்குத் தோன்றியதில்லை. கேட்பதைத்தான் நாங்கள் ஒழித்துக்கொண்டிருந்தோமே.

அந்த அம்மாளின் முறை வந்தபோது பன்னிரண்டு நாற்பது. கவுன்டர் பெண் பதிவேட்டைப் புரட்டினாள். ஃபாரத்தைப் பார்த்தாள். மறுபடி பதிவேட்டைப் பார்த்தாள்.

“அம்மா, இது யாரு போட்டது?”

“நான்தான் கண்ணு.”

“ரெக்கார்டுல ரேகைல்ல இருக்கு?”

“ஆமா. இவரு இப்பத்தான் கத்துக் குடுத்தாரு.”

“அய்யோ. ரேகை வெச்சவங்க ரேகைதான்மா வெக்கணும். கையெழுத்துக்கு மாத்துறதுன்னா தனி மனு, மூணு மாசம் ஆகும். இது செல்லாது.”

“சரி, அப்ப பக்கத்துலயே ரேகையும் வெச்சுடறேன்.”

“திருத்தம்னு தள்ளிடுவாங்கம்மா. ஃபாரமும் ஆளுக்கு ஒண்ணுதான்.”

அந்த அம்மாள் கவுன்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “புதன்கிழமை கண்ணு,” என்றார். அந்தப் பெண்ணை அழைத்தாரா, புருஷனின் கண்ணைச் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் தலைவர் முன்னே வந்தார்.

“இங்க பாரும்மா, நான் தற்சார்பு மன்றத் தலைவர். இந்த அம்மாவை நான் சொந்தக் கால்ல நிக்க வெச்சிருக்கேன். நீங்க உக்கார வெக்கப் பாக்குறீங்க. இந்தா, இது என் ஃபாரம். எங்க ரெண்டு பேரோடதையும் சேத்தே வாங்கிக்கோங்க.”

அவள் வாங்கினாள். தலைவரின் கையெழுத்தைப் பார்த்தாள். அம்மாளின் கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். பிறகு எழுந்து, பின்னால் இருந்த அலமாரியிலிருந்து சிவப்பு நாடா கட்டிய ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

“சார், மேல ரெக்கார்டு ரூம்ல ஒரு வாரமா இதைத்தான் பாத்துட்டிருக்காங்க.”

பிரித்தாள். மேல் ஃபாரத்தில் ஒரு வால். அதற்கடுத்ததில் ஒரு வால். ஒரே சுழி, ஒரே படுக்கை, ஒரே இரண்டு புள்ளி. விசிறி மாதிரி விரித்துக் காட்டினாள்; தொண்ணூற்றொன்பது வால்கள் வரிசையாகத் தொங்கின.

“ஒரே ஆளு தொண்ணூத்தொம்பது பேருக்குக் கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கான்னு குறிப்பு எழுதியிருக்காங்க. அத்தனை பேரோட பென்சனும் நிறுத்தம். யாரு அந்த ஆளுன்னுதான் தெரியாம இருந்துச்சு.” தலைவரின் ஃபாரத்தைத் தூக்கிப் பார்த்தாள். “இப்போ தெரியுது.”

“அது என்னோட கையெழுத்து!”

“எல்லாமேவா சார்?”

“இல்ல! என்னோடது மட்டும்தான் என்னோடது. மத்ததெல்லாம் அவங்களே சொந்தமாப் போட்டது.”

“எல்லாம் உங்களுது மாதிரியே இருக்கே.”

“நான்தான் கத்துக் குடுத்தேன்.”

“அதைத்தான் சார் அவங்களும் எழுதியிருக்காங்க. வேற வார்த்தையில.”

தலைவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். இந்தக் கட்டத்துக்கு நான் உரை எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. ஆகவே மூடிக்கொண்டார்.

இதற்குள் அந்த அம்மாள் யோசித்து முடித்திருந்தார். மெதுவாகக் கேட்டார்: “ஏன் கண்ணு, தபால்ல வரும்போது ஃபாரம் கெட்டுப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

“கெட்டுப் போச்சுன்னா?”

“கிழிஞ்சு போச்சுன்னா.”

கவுன்டர் பெண் குரலைத் தாழ்த்தினாள். “கிழிஞ்சதைத் திருப்பிக் குடுத்தா வேற குடுக்கலாம். சிதைந்த படிவம்னு எழுதிக்குவேன்.”

அந்த அம்மாள் ஜன்னலுக்குள் கையை விட்டுத் தன் ஃபாரத்தை எடுத்தார். நானூறு பெட்ஷீட் பிழிந்த கை. ஒரே இழுப்பு. வால் ஒரு பக்கம், யானை ஒரு பக்கம்.

“கிழிஞ்சு போச்சு கண்ணு.”

“அடடா, பாத்துப் பிடிக்கக் கூடாதாம்மா?” என்றாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், புது ஃபாரத்தை எடுத்து எண்ணை எழுதினாள். “வைங்க ரேகையை. எட்டு நிமிஷம் இருக்கு.”

கவுன்டரில் இருந்த பேடில் அந்த அம்மாள் கட்டைவிரலைத் தேய்த்தார். தூசிதான் ஒட்டியது.

என் கையில் எங்கள் பேட் இருந்தது. திறந்தால் போதும். நான் தலைவரின் முகத்தைப் பார்த்தேன், தலையாட்டுவாரா என்று. அவர் தன் வால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காத்துக்கொண்டிருந்தேன். செயலாளர் அல்லவா, தீர்மானம் இல்லாமல் மையைத் திறக்க முடியுமா?

எனக்குப் பின்னால் இருந்த காக்கிச் சட்டைப் பெரியவர் என்னைத் தோளால் இடித்து விலக்கிவிட்டு முன்னே வந்தார். பேனாவைக் கழற்றினார். ரீஃபிலை உருவினார். முனையைக் கடித்துத் துப்பினார்.

“கட்டைவிரலா?”

“ஆமா. இடது.”

“நீட்டுங்க.”

ரீஃபிலின் பின்பக்கத்தில் வாய்வைத்து ஊதினார். நீலமாக ஒரு சொட்டு அம்மாளின் விரலில் இறங்கியது. அவர் தன் சுட்டுவிரலால் அதைப் பரப்பிவிட்டார். அம்மாள் ஃபாரத்தில் அழுத்தினார். கவுன்டர் பெண் பதிவேட்டோடு ஒப்பிட்டாள், சீல் வைத்தாள், கார்டில் தேதி போட்டுக் கொடுத்தாள். அவ்வளவுதான். பெரியவரின் உதடு நீலமாகியிருந்தது. அவர் பெயர் என்ன, எந்த வேலையில் இருந்தவர், யாருக்கும் தெரியாது. படம் எடுக்கவும் மறந்துவிட்டேன். அந்த அம்மாள் நன்றிகூடச் சொல்லவில்லை. “வாயைக் கழுவிட்டுப் போங்க, கசக்கும்,” என்றார். பெரியவர் தலையாட்டிவிட்டுக் குழாயைத் தேடி வெளியே போனார். வாசல் காவலாளி பிறகு சொன்னபடி, அவருடைய ஃபாரம் போன வாரமே கொடுத்தாயிற்றாம். நண்பருக்காக எதையோ விசாரிக்க வந்தவராம். கேட்க வந்ததைக் கேட்காமலே போய்விட்டார்.

“அடுத்து நீங்க சார்,” என்றாள் கவுன்டர் பெண். “உங்க ஃபாரம் இந்தக் கட்டோட சேந்துதான் மேல போகும். விசாரணை முடியுற வரைக்கும் நீங்க சந்தேகத்துக்கு உரியவர்.”

“என்ன சந்தேகம்?”

“உயிரோட இருக்கீங்களான்னு.”

“எதிர்ல நின்னு பேசிட்டிருக்கேன்!”

“அது தெரியுது சார். ரெக்கார்டுல தெரியணும்ல. ரெக்கார்டு சுத்தமா இருக்குற ஒரு பென்சன்காரர், நேர்ல நின்னு, இவரை எனக்குத் தெரியும்னு உறுதி குடுத்தா, உங்களை மட்டும் கட்டுலேந்து பிரிச்சிடறேன். இல்லைன்னா ஒண்ணும் பண்ண முடியாது. நாலு நிமிஷம் இருக்கு.”

“மாப்ளே!” என்றார் தலைவர். ஒரு மாதத்துக்குப் பிறகு நான் மறுபடி மாப்பிள்ளையானேன். “யாரையாவது கூப்பிடு. நமக்குத் தெரிஞ்ச பென்சன்காரங்க எத்தனை பேரு இருக்காங்க!”

“தொண்ணூத்தொம்பது பேரு மாமா,” என்றேன். “எல்லாரும் அந்தக் கட்டுல இருக்காங்க.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை ரெக்கார்டு சுத்தமாக இருந்த ஒரே ஆள், அந்த அம்மாள், கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டப் போய்க்கொண்டிருந்தார்.

தலைவர் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. வாலில்லாத சாதாரண மனுஷர்கள் ஓடுவது போலத்தான் ஓடினார். ஆனால் எதிரில் போய் நின்றதும் வார்த்தை வரவில்லை. முப்பத்தாறு வருடம் மற்றவர்களைக் கேட்க வைத்தே பழகியவருக்கு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

“அம்மா, உங்களுக்கு… ஒரு நல்ல சந்தர்ப்பம் வந்திருக்கு.”

“எனக்கா?”

“அதாவது, ஒரு சக மனிதனோட… தற்சார்புக்கு… நீங்க துணையா…”

“சார், எனக்குப் பஸ்ஸு போயிடும். என்ன வேணும், அதைச் சொல்லுங்க.”

தலைவர் தரையைப் பார்த்தார். “ஒரு கைநாட்டு,” என்றார்.

கூடத்தில் இருந்த நான்கு பேர் காதிலும் விழுந்தது. வாசலில் இருந்த காவலாளி கைதட்டப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திட்டவில்லை. திரும்பி நடந்து கவுன்டருக்கு வந்தார். கவுன்டர் பெண் ஒரு தாளை நீட்டினாள்.

“மாப்ளே! பேடை எடு, பேடை எடு!” தலைவரே என் கையிலிருந்து பிடுங்கி, மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். ஊதா மை பளபளவென்று மின்னியது.

“அது முத்திரைக்குல்ல?” என்றார் அந்த அம்மாள்.

தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். நீல மை கொஞ்சம் ரேகைகளுக்கு நடுவே மிச்சமிருந்தது. அதைத் தாளில் வைத்து அழுத்தினார். எடுத்தபோது, பிறை மாதிரி ஒரு ஓரம் மட்டும் வெளிறிப்போய் விழுந்திருந்தது.

“சரியா விழலையேம்மா. பாதிகூடத் தெரியலை.”

“எனக்கும் அவரை அவ்ளோதான் கண்ணு தெரியும். இன்னிக்குப் பத்தரைக்குத்தான் பாத்தேன்.”

போய்விட்டார். ஒரு மணி அடித்தது. கவுன்டர் பெண் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஷட்டரை இறக்கினாள்.

புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது, நல்லபடியாக முடிந்தது என்று பிற்பாடு அந்தப் பெண்தான் சொன்னாள். எப்படித் தெரியுமென்றால், அடுத்த மூன்று வாரமும் நான் அங்கேதான் இருந்தேன். தொண்ணூற்றொன்பது பேரையும் வீடு வீடாகப் போய் அழைத்துவந்து, ஃபாரங்களைச் சிதைந்த படிவங்களாக ஆக்கி, புதிதில் ரேகை வைக்க வேண்டியிருந்தது. கிழிக்கிற வேலை என்னுடையது. பதாகை இல்லை. ஊதா பேட் மட்டும். தோட்டக்காரர் ஒருவர்தான் தகராறு செய்தார். வால் பிடித்துப்போய்விட்டதாம், விட மாட்டேன் என்றார்.

மாமாவின் கேஸ் இன்னும் முடியவில்லை. அரைகுறை உறுதி என்று கோப்பில் எழுதியிருக்கிறார்கள். திங்கள்தோறும் மாடிக்குப் போய் அதிகாரிக்கு எதிரில் பத்துத் தடவை கையெழுத்துப் போட வேண்டும். வாலோடு போட்டால் கள்ளக் கையெழுத்துக் கட்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறது. வால் இல்லாமல் போட்டால் அவருடைய சொந்தப் பதிவோடு ஒத்துப்போகவில்லை. பொது வாழ்க்கையில் இதெல்லாம் சகஜம் என்று அவர் சொல்லிவருகிறார்.

போன திங்கள் அவரை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது அக்கா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“இப்ப உங்க மாமா உயிரோட இருக்காரா இல்லையா? என்னதான்டா சொல்றாங்க?”

“சந்தேகம்னுதான் சொல்றாங்க அக்கா. யாராவது நல்லாத் தெரிஞ்சவங்க எழுதிக் குடுக்கணுமாம்.”

அப்போது குளியலறைக் கதவு இடிபட ஆரம்பித்தது. துண்டு, துண்டு என்று உள்ளிருந்து குரல்.

“கேக்குதுல்ல?” என்றாள் அக்கா, துண்டை எடுக்கப் போகாமல் நின்ற இடத்திலேயே. “அதைப் போயி எழுதிக் குடு.”